கோவை – சென்னை விமானம்: எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நேரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பீளமேட்டில் ஏறி மீனம்பாக்கத்தில் இறங்குவது பற்றி நம்ம பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே இருக்கின்றன. ஈரோடு, திருப்பூர், சேலம், கரூர்க்காரர்களுக்கான கணக்கு நடுவில் தனியாக வரும், அவசரமென்றால் நேரே அங்கே போய்விடுங்கள். விமான நேர அட்டவணை அடிக்கடி மாறும் என்பதால் எந்த விமானம் எத்தனை மணிக்கு என்று இதில் தேடாதீர்கள்.

கோவைக்கும் சென்னைக்கும் வான்வழி தூரம் எவ்வளவு?

சுமார் 404 கிலோமீட்டர். மைலில் 251. விமானிகள் பயன்படுத்தும் கடல் மைலில் 218 (ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.).

ரோட்டில் 500 கி.மீ.க்கு மேல் காட்டுகிறதே, மீதி நூறு எங்கே போனது?

ரோடு வளைந்து போகிறது, அவ்வளவுதான். காரில் கிளம்பினால் சேலம் வரை வந்து, அங்கிருந்து கீழே உளுந்தூர்பேட்டைக்கு இறங்கி, மறுபடி விழுப்புரம், திண்டிவனம் என்று வடக்கே ஏற வேண்டும். இல்லையென்றால் கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகச் சுற்ற வேண்டும். ரயில் பாதையும் 495 கி.மீ. வாக்கில் வருகிறது.

வரைபடத்தில் பீளமேட்டிலிருந்து மீனம்பாக்கத்துக்கு ஒரு நூல் பிடித்துப் பாருங்கள். அது அவிநாசிக்கு மேலேயே போகும், பிறகு பவானி, அப்புறம் ஏற்காட்டு மலை, திருவண்ணாமலையை வலப்பக்கம் கொஞ்சம் தள்ளி விட்டுவிட்டு செய்யாறு பக்கமாகச் சென்னைக்குள் நுழையும். அவிநாசியப்பரையும் கூடுதுறையையும் கும்பிட்டுக்கொண்டே போகிற பாதை. ஆனால் விமானம் அந்த நூலின் மேலேயே பறக்கும் என்று நினைக்க வேண்டாம், அதற்கு வகுத்துக் கொடுத்த வான்வழிகள் இருக்கின்றன. ஏறும்போதும் இறங்கும்போதும் வளைவுகள் உண்டு என்பதால் நிஜத்தில் பறக்கிற தூரம் எப்போதும் 404-ஐ விடக் கூடுதலாகத்தான் இருக்கும்.

ஒரு தளத்தில் 403, இன்னொன்றில் 405 என்று போட்டிருக்கிறார்கள். எது சரி?

எல்லாமே சரிதான். இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்துப் பூமிப் பரப்பின் மேல் மிகக் குறுகிய வளைகோடு எவ்வளவு என்று கணக்குப் போடுகிறார்கள். பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள சரியான உருண்டையாக வைத்துக்கொண்டால் ஒரு விடை வரும், துருவப் பக்கம் கொஞ்சம் தட்டையான நிஜ வடிவத்தை வைத்தால் சற்று வேறு விடை வரும். புள்ளியை ரன்வேயின் நடுவில் வைத்தார்களா, கட்டடத்தில் வைத்தார்களா என்பதிலும் கொஞ்சம் மாறும். டிக்கெட் வாங்குகிறவருக்கு இதில் ஒன்றும் இல்லை.

விமானம் மணிக்கு 800 கி.மீ. போகும் என்கிறார்கள். அப்படியானால் அரை மணி நேரத்தில் போய்ச் சேர வேண்டுமே, டிக்கெட்டில் ஏன் 1 மணி 10 நிமிடம்?

நியாயமான கேள்வி. இரண்டு காரணம்.

முதலாவது, டிக்கெட்டில் இருக்கிற நேரம் பறக்கிற நேரம் கிடையாது. கோவையில் விமானம் நிறுத்தியிருக்கும் இடத்திலிருந்து நகர ஆரம்பிப்பதிலிருந்து சென்னையில் நிறுத்துமிடத்துக்குப் போய்ச் சக்கரத்துக்குக் கட்டை வைப்பது வரைக்குமான நேரம் அது. ‘பிளாக் டைம்’ என்பார்கள். பின்னால் தள்ளிவிடுவது, இன்ஜின் போடுவது, ரன்வே முனை வரை உருண்டு போவது, முன்னால் ஒரு விமானம் இருந்தால் அதற்காக நிற்பது, சென்னையில் இறங்கிய பிறகு இடம் கிடைக்கும் வரை ஊர்வது என்று எல்லாம் அதில் அடக்கம். மீனம்பாக்கத்தில் இந்த ஊர்வலமே சில நாள் பத்து நிமிடத்தைத் தாண்டும்.

இரண்டாவது, அந்த 800 கி.மீ. வேகத்தில் விமானம் போவது இந்தப் பாதையில் மிகக் கொஞ்ச நேரம்தான். ஏ320 மாதிரி ஜெட் விமானம் 28,000 அடிக்கு ஏறவே ஏறத்தாழ கால் மணி நேரமும் 150 கி.மீ.க்கு மேலும் ஆகிவிடும். இறங்குவதற்கு ஆயிரம் அடிக்கு மூன்று கடல் மைல் என்று விமானிகள் ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள், அதன்படி 28,000 அடியிலிருந்து இறங்க 84 கடல் மைல், அதாவது 155 கி.மீ. முன்னாலேயே மூக்கைத் தாழ்த்த வேண்டும். 404-இல் இது இரண்டையும் கழித்தால் மட்டமாகப் பறக்க மிஞ்சுவது நூறு கி.மீ.கூட இல்லை. ஏழெட்டு நிமிடம். போதாததற்கு 10,000 அடிக்குக் கீழே 250 நாட், அதாவது மணிக்குச் சுமார் 460 கி.மீ.க்கு மேல் பொதுவாகப் போகக் கூடாது. பணிப்பெண்கள் சாண்ட்விச் வண்டியை அவ்வளவு அவசரமாகத் தள்ளிக்கொண்டு ஓடுவது இதனால்தான்.

சரி, காற்றில் இருப்பது எத்தனை நிமிடம்?

பெரும்பாலும் 45 முதல் 50. இருபது நிமிடத்துக்கு மேல் தரையில்தான் போகிறது.

பைலட் ‘பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம்’ என்று பெருமையாக அறிவிக்கிறாரே?

அட்டவணையிலேயே கொஞ்சம் நேரத்தைத் தாராளமாகப் போட்டு வைத்திருப்பார்கள். குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்தால் அது நேரத்துக்கு வந்த விமானம் என்றுதான் கணக்கு, அந்தச் சதவீதத்தை விமானப் போக்குவரத்து இயக்குநரகம் மாதாமாதம் வெளியிடுகிறது. யாருக்குத்தான் கடைசி இடத்தில் நிற்கப் பிடிக்கும்? அதனால் 60 நிமிட வேலைக்கு 70, 75 என்று எழுதுகிறார்கள். பத்து நிமிடம் முன்னால் வந்தது பாதி நேரம் அந்த உபரியில் மிஞ்சியதுதான், கைதட்டத் தேவையில்லை.

போகும்போதும் வரும்போதும் ஒரே நேரம்தான் ஆகுமா?

ஆகாது, இதில்தான் நம்ம ஊர்க் காற்றின் விளையாட்டு இருக்கிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்வது சும்மா இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கி.மீ. அகலத்துக்கு ஒரு சந்து, பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அதில் புகுந்து பொள்ளாச்சி, பல்லடம், கோவை என்று விளாசும். உடுமலைப் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்பதும் இதை நம்பித்தான்.

விமானம் பொதுவாகக் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், எதிர்த்துத்தான் இறங்கும். கோவை ரன்வே வடகிழக்கு–தென்மேற்காகக் கிடக்கிறது, ஒரு முனைக்கு 05, இன்னொன்றுக்கு 23 என்று பெயர் (பத்தால் பெருக்கினால் திசைகாட்டியின் பாகை வரும், 50 பாகை, 230 பாகை). சென்னை இருக்கிற திசை இங்கிருந்து சுமார் 57 பாகை. அதாவது 05 பக்கமாக ஏறினால் ரன்வேயிலேயே மூக்கு ஏறக்குறைய சென்னையைப் பார்த்திருக்கும்.

ஆடி, ஆவணியில் காற்று மேற்கிலிருந்து வருவதால் பெரும்பாலும் 23 பக்கமாக, அதாவது சென்னைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏறுவார்கள். ஏறிய பிறகு ஒரு பெரிய வளைவு போட்டுத் திரும்ப வேண்டும். ‘சென்னை விமானம் ஏன் பாலக்காட்டுக்குப் போகிறது’ என்று ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் பதறுவது இந்த மாதங்களில்தான். அங்கே போனாலும் கதை முடியவில்லை. சென்னையின் பெரிய ரன்வே கிழக்கு–மேற்காக இருக்கிறது. மேற்குக் காற்று என்றால் மேற்கே பார்த்து இறங்க வேண்டும், அதனால் நம்ம விமானம் ஊரைத் தாண்டிக் கடலுக்கு மேல் போய், திரும்பி, பரங்கிமலைப் பக்கம் வந்து இறங்கும். இரண்டு முனையிலும் சுற்று. மார்கழி, தையில் வடகிழக்குக் காற்று, அப்போது இரண்டு முனையிலும் நேர்வழி: இங்கே 05-இல் ஏறி, அங்கே கிழக்கே பார்த்தபடி நேராக இறங்கிவிடலாம்.

திரும்பி வரும்போது இது அப்படியே தலைகீழ். ஆடியில் சென்னையிலிருந்து வருவது சுலபம், மார்கழியில் சுற்று. எந்தப் பக்கமானாலும் வித்தியாசம் பத்து, பதினைந்து நிமிடத்துக்குள்தான். சென்னையில் கோடை மதியத்தில் கடற்காற்று உள்ளே வந்துவிட்டால் இந்தக் கணக்கு அன்றைக்கு மட்டும் மாறிவிடும்.

மேலே உயரத்திலும் அதே மேற்குக் காற்றுதானா? அப்படியானால் சென்னைக்குப் போகும்போது தள்ளிவிடுமே?

கீழேதான் மேற்குக் காற்று. பருவமழை மாதங்களில் தென்னிந்தியாவுக்கு மேலே மிக உயரத்தில் காற்று நேர் எதிராக, கிழக்கிலிருந்து மேற்காக வீசும். 14, 15 கி.மீ. உயரத்தில் அது மிகப் பலமாக இருக்கும். வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று என்பார்கள், இந்திய வானிலை விஞ்ஞானி பி. கோடீஸ்வரம் 1950-களிலேயே இதை விவரித்து எழுதினார். கோவை–சென்னை விமானங்கள் அவ்வளவு உயரம் போவதில்லை, எட்டு ஒன்பது கி.மீ.யோடு நிறுத்திக்கொள்கின்றன. ஓரளவு எதிர்க்காற்று கிடைக்கும், ஆனால் மட்டமாகப் பறப்பதே சில நிமிடம் என்பதால் அதனால் வரும் தாமதம் இரண்டு மூன்று நிமிடத்தைத் தாண்டாது. நேரத்தைத் தின்பது ரன்வே திசைதான்.

சென்னைக்கு மேலே வட்டமடிப்பது ஏன்?

மீனம்பாக்கத்தில் இரண்டு ரன்வே இருக்கிறது, ஆனால் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகின்றன, எனவே இரண்டையும் தனித்தனியாக, சுதந்திரமாக ஓட்ட முடியாது. காலை, மாலை கூட்ட நேரத்தில் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்குள் இடமில்லாமல் பஸ்கள் வெளியே வரிசை கட்டுகிற மாதிரி விமானங்கள் ஆகாயத்தில் காத்திருக்க வேண்டியதுதான். சில நேரம் சென்னை நெருக்கடியைப் பார்த்து, நம்மை இங்கே கோவையிலேயே கதவைச் சாத்தி உட்கார வைத்துவிடுவார்கள். எரிச்சலாக இருக்கும், ஆனால் மேலே சுற்றி எரிபொருளை எரிப்பதற்கு இது மேல்.

எந்த மாதத்தில் தாமதம் அதிகம்?

நம்ம முனையில் அதிகத் தொல்லை கிடையாது, தொல்லை எல்லாம் சென்னை முனையில்தான். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் புயலும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் பல நாள் மூடிக் கிடந்தது, அப்போது அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து விமானம் விட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கும் 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயலுக்கும் மூடினார்கள். டிசம்பர் முதல் வாரத்தில் சென்னையில் நிச்சயதார்த்தம், நேர்காணல், நீதிமன்றத் தேதி என்று ஏதாவது இருந்தால் முதல் நாளே போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

போகிப் பண்டிகைக் காலையையும் மறக்க வேண்டாம். பழைய பாயையும் டயரையும் கொளுத்துகிற புகை, மார்கழிப் பனியோடு சேர்ந்தால் ரன்வேயே தெரியாது. 2018-இல் அப்படித்தான் ஏகப்பட்ட விமானங்கள் தடுமாறின. அன்றைக்கு விடிகாலை விமானத்தைத் தவிர்த்து மதியத்துக்குப் போடுவது புத்திசாலித்தனம்.

எவ்வளவு நேரம் முன்னால் பீளமேட்டில் இருக்க வேண்டும்?

பெட்டி போட வேண்டுமென்றால் ஒன்றரை மணி நேரம். உள்நாட்டு விமானங்களுக்கு கவுன்ட்டர் பொதுவாக 60 நிமிடத்துக்கு முன்பே மூடிவிடும், ஏறும் கதவு 25 நிமிடத்துக்கு முன்பு. கைப்பை மட்டும்தான், போர்டிங் பாஸ் போனில் இருக்கிறது என்றால் ஒரு மணி நேரம் போதும். முகத்தை அடையாளம் பார்த்து உள்ளே விடும் டிஜியாத்ரா இங்கேயும் வந்துவிட்டது, வாசல் வரிசையை அது குறைக்கும், ஆனால் உள்ளே சோதனை வரிசை எல்லோருக்கும் ஒன்றுதான். விடிகாலையில் இரண்டு மூன்று விமானங்கள் அடுத்தடுத்துக் கிளம்பும்போது அந்த வரிசை நீளும்.

ஏனுங்க, அவிநாசி ரோடு நெரிசலில் மாட்டினால்?

முன்பு அது பெரிய கவலை. உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10 கி.மீ. நீளத்துக்கு ஜி.டி. நாயுடு பெயரில் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்த பிறகு நிலைமை எவ்வளவோ தேவலை. ஆனால் பாலத்தில் ஏறுவதற்கு முன்னால் உங்கள் வீட்டிலிருந்து பாலம் வரைக்கும் ஒரு தூரம் இருக்கிறதே, வடவள்ளிக்காரர்களும் தொண்டாமுத்தூர்க்காரர்களும் அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை மொத்தம் எவ்வளவு ஆகும்?

கேட்க வேண்டிய கேள்வி இது. 404 கி.மீ. என்பதும் 1 மணி 10 நிமிடம் என்பதும் படிக்க நன்றாக இருக்கும், உங்கள் நாளைத் தீர்மானிப்பது இந்தக் கணக்குதான். காந்திபுரத்தில் கிளம்பித் தாம்பரத்துக்குப் போகிறவரை எடுத்துக்கொள்வோம். விமான நிலையத்துக்கு அரை மணி, உள்ளே ஒன்றே கால் மணி, டிக்கெட் நேரம் ஒன்று பத்து, சென்னையில் இறங்கிப் பெட்டி எடுத்து வெளியே வர அரை மணி, அங்கிருந்து தாம்பரத்துக்கு இன்னொரு அரை மணி. கிட்டத்தட்ட நாலு மணி நேரம். சென்ட்ரல், உயர் நீதிமன்றம், ராயபுரம் பக்கம் போக வேண்டுமென்றால் இன்னும் அரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். மெட்ரோ விமான நிலையத்துக்குள்ளிருந்தே கிளம்புகிறது, ஜி.எஸ்.டி. ரோட்டில் டாக்ஸியில் உட்கார்ந்து மீட்டரைப் பார்ப்பதை விட அது நிம்மதி.

அப்படியானால் வந்தே பாரத்தே போதாதா?

கோவை–சென்னை வந்தே பாரத் 2023 ஏப்ரல் 8-இல் ஓடத் தொடங்கியது (சென்னை விமான நிலையத்தின் புதிய முனையத்தைத் திறந்ததும் அதே நாள்தான்). கோவையிலிருந்து சென்ட்ரல் வரை ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக, 5 மணி 50 நிமிட வாக்கில் ஆகும். விமானத்தோடு ஒப்பிட்டால் வீட்டிலிருந்து வீட்டுக்கு இரண்டு, இரண்டரை மணி நேரம் கூடுதல். ஆனால் அந்த நேரம் முழுக்க ஒரே இருக்கையில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம், தூங்கலாம். விமானத்தில் நாலு மணி நேரம் என்பது ஐந்து இடத்தில் வரிசையில் நிற்பது. வடசென்னையிலோ எழும்பூர்ப் பக்கமோ வேலை, திரும்புவதற்கு அவசரமில்லை என்றால் நான் ரயிலைத்தான் சொல்வேன். காலையில் போய் வேலையை முடித்து ராத்திரி வீட்டில் சாப்பிட வேண்டும் என்றால் விமானம்தான், வேறு வழியில்லை.

நேரத்தை மட்டும் பார்க்கிறவர்கள் ராத்திரி ரயிலை மறந்துவிடுகிறார்கள். சேரன் எக்ஸ்பிரஸ், மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரஸ், ஈரோட்டிலிருந்து ஏற்காடு எக்ஸ்பிரஸ் எல்லாம் தூங்குகிற நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. பகலில் ஒரு நிமிடம்கூட வீணாகாது. படுக்கை கிடைத்தால், அவ்வளவுதான் நிபந்தனை.

எங்களுக்குத் திருப்பூர், ஈரோடு. நாங்கள் கோவைக்கு வந்து விமானம் ஏறுவது லாபமா?

திருப்பூருக்குப் பீளமேடு 45 கி.மீ. வாக்கில்தான், ரோடும் நன்றாக இருக்கிறது. சென்னையில் ஒரு நாள் வேலை என்றால் விமானம் சரிதான். அவிநாசிக்காரர்களுக்கு இன்னும் பக்கம்.

ஈரோடு வேறு கதை. பீளமேட்டுக்கு 90 கி.மீ., அதுவும் சென்னைக்கு நேர் எதிர்த் திசையில். மேற்கே ஒன்றே முக்கால் மணி நேரம் வந்து, விமானத்தில் ஏறி, வந்த ஊருக்குப் பக்கத்திலேயே பறந்து திரும்பப் போவது. மொத்தம் ஐந்து மணி நேரத்தைத் தாண்டிவிடும். வந்தே பாரத்தில் ஈரோட்டிலிருந்து நாலரை மணி நேரம்தான். ஈரோடு, பெருந்துறை, பவானிக்காரர்கள் கோவைக்கு வந்து சென்னை விமானம் ஏறுவதில் எனக்கு எந்த அர்த்தமும் தெரியவில்லை. கோபிக்காரர்கள் இரண்டும் கெட்டான், ரயிலுக்கும் போக வேண்டும் விமானத்துக்கும் போக வேண்டும், எது கையில் கிடைக்கிறதோ அது.

பொள்ளாச்சி, உடுமலை, மேட்டுப்பாளையத்துக்குக் கோவைதான் வழி. கரூர்க்காரர்கள் திருச்சி விமான நிலையத்தையும் பார்க்கலாம், அது அவர்களுக்குக் கோவையை விடக் கிட்ட.

சேலத்திலிருந்தே விமானம் இருக்கிறதே?

இருக்கிறது. ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில். இடையில் நின்றுபோய் 2023 அக்டோபரில் மறுபடி ஆரம்பித்தது. ரன்வே சின்னது, அதனால் ஜெட் வராது, இறக்கையில் காற்றாடி சுழலும் ஏ.டி.ஆர். விமானம்தான். அதன் வேகம் மணிக்கு 500 கி.மீ. வாக்கில். சேலம்–சென்னை நேர்கோட்டில் 265 கி.மீ.தான் என்றாலும் டிக்கெட்டில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் போட்டிருப்பார்கள், கோவையிலிருந்து ஜெட்டில் 404 கி.மீ. போக ஆவதை விடப் பத்து நிமிடம்தான் குறைவு. விமானங்களும் கொஞ்சம்தான் என்பதால் ஒன்று ரத்தானால் அடுத்தது உடனே கிடைக்காது. நாமக்கல், மேட்டூர்க்காரர்களுக்குப் பயன்படும்.

விமானம் தாமதம், ரத்து என்றால் பணம் கிடைக்குமா?

பிளாக் டைமை இங்கேயும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இழப்பீட்டுத் தொகை அதைப் பார்த்துத்தான். முன்கூட்டிச் சொல்லாமல் ரத்து செய்தால், பிளாக் டைம் ஒரு மணி நேரம் வரையுள்ள பயணத்துக்கு 5,000 ரூபாய், ஒன்றிலிருந்து இரண்டு மணி வரை 7,500, இரண்டுக்கு மேல் 10,000. அல்லது நீங்கள் கட்டிய அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இரண்டில் எது குறைவோ அது. கோவை–சென்னை ஒரு மணியைத் தாண்டுவதால் நடுத் தட்டில் வருகிறது. ஆனால் மழை, புயல், பனி மாதிரி அவர்கள் கையில் இல்லாத காரணமென்றால் இழப்பீடு கிடையாது, டிக்கெட் பணமோ மாற்று விமானமோதான். இவ்வளவு குறுகிய பாதையில் இரண்டு மணி நேரம் தாமதமானால் சாப்பாடு, சிற்றுண்டி தர வேண்டும். கேட்டால்தான் தருவார்கள், கேளுங்கள்.

எந்தப் பக்கம் ஜன்னல் நல்லது?

சென்னைக்குப் போகும்போது இடப்பக்கம். கிளம்பிய உடனே நீலகிரி தெரியும், கொஞ்ச நேரத்தில் வானம் தெளிவாக இருந்தால் மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு. வலப்பக்கம் உட்கார்ந்தால் ஈரோடும் சேலமும் கிடைக்கும், ஆனால் மார்கழி, தைக் காலை விமானத்தில் வெயில் அந்தப் பக்கம்தான் முகத்தில் அடிக்கும். ராத்திரி விமானத்தில் எந்தப் பக்கமும் ஒன்றுதான்.

இரண்டு ஊருக்கும் நேர வித்தியாசம் உண்டா?

கடிகாரத்தில் கிடையாது. சூரியக் கணக்கில் சென்னை சுமார் 12 நிமிடம் முந்தி, தீர்க்கரேகை மூன்று பாகைக்குக் கொஞ்சம் கூடுதலாக வித்தியாசப்படுவதால்.

சிங்கப்பூர், வளைகுடா போக சென்னைக்குப் போய்த்தான் ஏற வேண்டுமா?

சிங்கப்பூருக்கும் ஷார்ஜாவுக்கும் கோவையிலிருந்தே நேர் விமானம் இருக்கிறது, 2024-இலிருந்து அபுதாபிக்கும் உண்டு. சிங்கப்பூர் சுமார் 3,160 கி.மீ., நாலே கால் மணி நேர வாக்கில். அங்கே கடிகாரம் நம்மை விட இரண்டரை மணி முந்தி, அதனால் டிக்கெட்டில் கிளம்பும் மணியையும் சேரும் மணியையும் கழித்துப் பார்த்து ஏழு மணி நேரமா என்று பயப்பட வேண்டாம். ஷார்ஜா 2,770 கி.மீ. வாக்கில், கிட்டத்தட்ட நாலு மணி நேரம், அங்கே ஒன்றரை மணி பிந்தி. தூரத்தில் 400 கி.மீ. குறைவாக இருந்தும் நேரத்தில் அவ்வளவு மிச்சம் இல்லை, மார்கழி, தையில் வடக்கே போகப் போக மேற்குக் காற்று எதிரே அடிப்பதும் ஒரு காரணம்.

மற்ற ஊர்களுக்குச் சென்னை வழியாகப் போகிறவர்கள் இரண்டு டிக்கெட்டையும் தனித்தனியாக வாங்கியிருந்தால் குறைந்தது மூன்று மணி நேரம் இடைவெளி வையுங்கள், நான் நாலு வைப்பேன். பெட்டியை எடுத்து, உள்நாட்டு முனையத்திலிருந்து வெளிநாட்டு முனையத்துக்குப் போய், மறுபடி போட வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு அதைப் பற்றி எந்தக் கவலையும் கிடையாது.

கோவை–டெல்லி எவ்வளவு?

சுமார் 1,945 கி.மீ., டிக்கெட்டில் மூன்று மணி நேர வாக்கில். இதில் ஒரு வேடிக்கை உண்டு: கோவை விமான நிலையத்தின் தீர்க்கரேகை 77.04, டெல்லியுடையது 77.10. இரண்டும் ஏறக்குறைய ஒரே கோட்டில், விமானம் நேர் வடக்கே போனால் போதும். தூரம் ஐந்து மடங்கு, நேரம் மூன்று மடங்கு கூட இல்லை, ஏனென்றால் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஆகிற நேரம் எல்லாப் பயணத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

தேங்காய், கொப்பரை எடுத்துப் போகலாமா?

காங்கேயம், பொள்ளாச்சி பக்கமிருந்து வரும் கேள்வி. கொப்பரை கூடவே கூடாது, கைப்பையிலும் கூடாது, உள்ளே போடும் பெட்டியிலும் கூடாது. எண்ணெய்ச் சத்து அதிகம், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று அதற்குத் தனி வகையே இருக்கிறது. முழுத் தேங்காய்க்கு விதி அவ்வப்போது மாறுகிறது, 2024 அக்டோபரில் சபரிமலை பக்தர்களுக்காக இருமுடித் தேங்காயைக் கைப்பையில் கொஞ்ச காலம் அனுமதித்தார்கள். கிளம்புவதற்கு முன் விமான நிறுவனத்தில் கேட்டுவிடுங்கள். மற்றபடி கைப்பை 7 கிலோ, உள்ளே போடுவது 15 கிலோ என்பதுதான் பொது வழக்கம், நாட்டுச்சர்க்கரைக்கும் நிலக்கடலைக்கும் தடையில்லை.